ரோடியம் புட்டி வாங்கலாமா? ஓர் ஆண்டு பயன்படுத்திய பிறகு என் அபிப்பிராயம்

விலையை முதலில் பேசிவிடுவோம், இதைத் தேடி வருகிறவர்கள் எல்லாருமே அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 5 கிராம் புட்டி, மூலக்கூறில் ஹைட்ரஜன் ஏற்ற உதவும் கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி. பார்சலைப் பிரித்து கையில் எடுத்தால் காலியாக இருக்கிறதோ என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கத் தோன்றும். உள்ளே இருப்பது கரித்தூள், அதில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் ரோடியம், ஆக மொத்தப் புட்டியிலும் கால் கிராம் உலோகம். அந்தக் கால் கிராமுக்கு நாங்கள் கொடுத்த தொகையை பில் பாஸ் பண்ணுகிறவர் இரண்டு முறை படித்துவிட்டு, "தம்பி, புள்ளி இடம் மாறிப்போச்சா பாருங்க" என்றார். மாறவில்லை. ரோடியம் விலை அப்படித்தான், கேட்பாரற்றுக் கிடக்கும், திடீரென்று ஏறும். 2016-இல் ஓர் அவுன்ஸ் ஆயிரம் டாலருக்குக் கீழே கிடந்தது, 2021 மார்ச்சில் 29,000 டாலரை ஒட்டிப் போனது. இப்போது அந்த உச்சத்தில் இல்லை என்றாலும் டீலர் கொடுக்கும் கொட்டேஷனில் "ஏழு நாள் மட்டும் செல்லும்" என்று போட்டுத்தான் அனுப்புகிறார். நம் ஊர் நிர்வாகத்தில் ஏழு நாளில் எந்தக் காகிதம் நகரும்? மூன்று முறை புதுக் கொட்டேஷன் வாங்கினோம்.

இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு சின்ன ஆர்கானிக் லேப். கெமிஸ்ட்ரி என்று சொன்னாலே ஆட்டோக்காரர் நேராக சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய இடம், அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது, அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. நாங்கள் அங்கே இல்லை. எங்களிடம் ஒரு பழைய பார் (Parr) ஷேக்கர், அதாவது ஹைட்ரஜன் அழுத்தத்தில் புட்டியை ஆட்டும் கருவி, ஒரு ஹைட்ரஜன் சிலிண்டர், மே மாதத்தில் காற்றை வீசுவதற்குப் பதில் சுடவைக்கும் இரண்டு மின்விசிறிகள், அவ்வளவுதான். இந்த மதிப்புரையும் அந்த அளவுக்கானது. பெரிய கம்பெனியில் நூறு அட்மாஸ்பியர் தாங்கும் ஆட்டோக்ளேவ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வளைய அமீன். நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும் ஆறு கண்ணி வளையம், பைப்பெரிடின். மருந்துப் பட்டியலைத் திறந்தால் இந்த வளையம் இல்லாத பக்கம் குறைவு. 2014-இல் வந்த ஒரு கணக்கெடுப்பில், அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறு மூலக்கூறு மருந்துகளில் 59 சதவீதத்தில் நைட்ரஜன் வளையம் ஏதாவது ஒன்று இருந்தது, அதில் முதலிடம் பைப்பெரிடினுக்கு. பெயர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள், மிளகிலிருந்துதான். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பெரினை 1819-இல் பிரித்தெடுத்தவர் ஓர்ஸ்டெட், அடுத்த வருஷமே மின்கம்பி பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுசொன்ன அதே ஆள். அந்தப் பைப்பெரினைக் காரத்தோடு (மிளகுக் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்) கொதிக்கவைத்து உடைத்தால் பைப்பெரிடின் வரும். 'பைப்பர்' என்ற லத்தீன் சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் பிப்பலி, அதாவது நம் திப்பிலியில் போய் நிற்கும். அப்பத்தாவிடம் நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளக்க இதைத்தான் சொன்னேன். "மெளகுல இருக்கறத எதுக்குடா சிலிண்டர் வச்சு செய்யறீங்க, அஞ்சறைப் பெட்டியில கெடக்கே" என்றது. கேள்வி நியாயமானது. ஆனால் எங்களுக்கு வேண்டியது வெறும் பைப்பெரிடின் இல்லை, வளையத்தில் நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில் ஒரு ஹைட்ராக்சிமெத்தில், அதாவது ஒரு கார்பனும் அதன் நுனியில் ஓஎச்சும் (OH), தொங்க வேண்டும். அது மிளகில் கிடைக்காது.

வழி சுலபம்போலத் தெரியும். 2-பிரிடின்மெத்தனால் மலிவாகக் கிடைக்கிறது, அதன் வளையத்தில் மூன்று இரட்டைப் பிணைப்பு, மூன்று மோல் ஹைட்ரஜனை ஏற்றினால் வேண்டியது கையில். சிக்கல் எங்கே என்றால், உலோகத்துக்கு வளையத்தை மட்டும் தொடு, பக்கத்தில் தொங்கும் ஓஎச்சைத் தொடாதே என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். அந்த ஓஎச் வளையத்தை ஒட்டிய கார்பனில் இருப்பதால் ஏற்கெனவே கழன்றுவிழத் தயாராக நிற்கிறது.

முதலில் அலமாரியில் இருந்த பலேடியம் கார்பனைத்தான் எடுத்தோம், எல்லா லேபிலும் இருக்கும் கறுப்புத் தூள். இங்கே ஒரு விஷயம், புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் வழுக்கி விழும் இடம். லேபிளில் 10 சதவீதம் என்று இருக்கும். அதற்குக் கீழே, எறும்பு எழுத்தில், 50 சதவீதம் நீர் என்று இருக்கும். ஒரு கிராம் எடுத்தால் நூறு மில்லிகிராம் பலேடியம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், உண்மையில் ஐம்பதுதான் போயிருக்கிறது, பாதி எடை தண்ணீர். தண்ணீரை விலைகொடுத்து வாங்குகிறோமா என்று கோபம் வரலாம், ஆனால் அந்தத் தண்ணீர்தான் தூள் பற்றிக்கொள்ளாமல் காக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஷேக்கரில் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் உண்டு, வத்தல் காயப்போட்டுவிட்டுக் காக்கை விரட்டுகிற மாதிரி. எங்கள் ஷேக்கரின் தொட்டி நாலு லிட்டர். அதில் 0.1 மோல் ஹைட்ரஜன் செலவானால் ஊசி சுமார் 8 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) இறங்கும். நான் போட்டது 10.9 கிராம், சரியாக 0.1 மோல். வளையத்துக்கு மூன்று மோல் வீதம், ஆக 24 இறங்க வேண்டும். 60-இல் தொடங்கினால் 36-இல் நிற்க வேண்டும். நின்றால் வளையம் மட்டும் நிறைந்தது என்று அர்த்தம். பலேடியத்தில், அசிட்டிக் அமிலத்தில், 60 டிகிரியில் இரண்டு நாள் ஆட்டியபோது ஊசி 36-ஐ ஒரு மரியாதைக்குக்கூட நின்று பார்க்கவில்லை. 34, 33, 31. நாலாவது ஹைட்ரஜன் எங்கே போகிறது? ஓஎச்சைத் தட்டி எடுத்துத் தண்ணீராக்கப் போகிறது. மாஸ் எடுத்தால், அதாவது மூலக்கூறின் எடை பார்க்கும் கருவியில் போட்டால், 116-இல் வரவேண்டிய உச்சி பூனைக்குட்டி மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது, 100-இல் கோபுரம். பதினாறு குறைவு, ஒரு ஆக்சிஜன் போயே போச்சு. கையில் இருந்தது 2-மெத்தில்பைப்பெரிடின். நாற்றம் வேறு. அன்று சாயங்காலம் தேவகோட்டை பஸ்ஸில் ஏறினேன், பக்கத்து சீட்டுப் பெரியவர் என் பையைப் பார்த்து, "கருவாடு என்ன விலை தம்பி" என்றார்.

பலேடியத்தைக் குறை சொல்லவில்லை. பென்சைல் கழட்டவோ நைட்ரோவை அமீனாக்கவோ அதைவிட நல்ல புட்டி கிடையாது. கழட்டுவதில் கெட்டிக்காரனிடம் போய்க் கழட்டாதே என்றது எங்கள் தப்பு.

அடுத்தது பிளாட்டினம் ஆக்சைடு, ஆடம்ஸ் கேட்டலிஸ்ட் என்று பெயர், நூறு வருஷத்துக்கு மேலான பழைய சரக்கு. பழுப்புத் தூளாகப் போடுவோம், ஹைட்ரஜன் பட்டதும் கறுத்து உண்மையான பிளாட்டினமாக மாறும், அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது அழகு. இதற்குக் கண்டிப்பாக அமிலம் வேண்டும். காரணம், உருவாகும் பைப்பெரிடின் நல்ல காரம், அதன் நைட்ரஜன் உலோகத்தின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு அடுத்த மூலக்கூறுக்கு இடம் விடாது. அமிலம் ஊற்றி அதை உப்பாக்கினால்தான் எழுந்து போகும். எத்தனாலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சூடே வேண்டாம், ராத்திரி போட்டுக் காலையில் 34-இல் நின்றது. பரவாயில்லை, ஓஎச் கொஞ்சம்தான் போயிருந்தது. தலைவலி அதற்கப்புறம். கிடைத்தது உப்பு, அதைக் காரமிட்டு விடுவிக்க வேண்டும், விடுவித்ததும் எங்கள் சரக்கு தண்ணீரோடு அப்படி ஒட்டிக்கொள்கிறது, ஆறு முறை டைகுளோரோமீத்தேனில் குலுக்கியும் பாதிகூட வெளியே வரவில்லை. ஈல்டு, அதாவது கடைசியில் கையில் கிடைத்த அளவு, எழுதும்போது கை கூசியது.

ஆடம்ஸ் புட்டியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக முடியாது. குயினோலினில் இரண்டு வளையம் ஒட்டியிருக்கும், ஒன்றில் நைட்ரஜன், மற்றது வெறும் கார்பன். சாதாரணமாக மெத்தனாலில் போட்டால் நைட்ரஜன் வளையம்தான் நிறையும், 1,2,3,4-டெட்ராஹைட்ரோகுயினோலின். அதே புட்டி, அதே தூள், ஆனால் அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்திலோ போட்டால் எதிர்ப்பக்கம் நிறைகிறது, 5,6,7,8 வருகிறது. இதை முதல் முறை நேரில் பார்த்தபோது புட்டி மாறிவிட்டதோ என்று திரும்பப் போய் லேபிளைப் படித்தேன். அதனால் "இந்த கேட்டலிஸ்ட் செலக்டிவா அண்ணே" என்று யாராவது கேட்டால், எதில் கரைத்துப் போடுகிறாய், எவ்வளவு அமிலம் என்று திருப்பிக் கேட்கிறேன். விற்கிறவர் கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

ரேனி நிக்கல் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். அமெரிக்கப் பொறியாளர் மரே ரேனி 1920-களில் தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்தக் கண்டுபிடித்தது, நிக்கலும் அலுமினியமும் கலந்த உலோகத்தைக் காரத்தில் போட்டு அலுமினியத்தைத் தின்னவிட்டு மிஞ்சும் ஓட்டை ஓட்டையான நிக்கல். விலை கொள்ளை மலிவு. ஆனால் பிரிடின் வளையத்தை நிறைக்க அதற்கு நூறு டிகிரிக்கு மேல் சூடும் பெரிய அழுத்தமும் வேண்டும், எங்கள் ஷேக்கர் 60 பிஎஸ்ஐக்கு மேல் போனால் எங்கள் ஆயுளும் போய்விடும். தண்ணீருக்கடியில்தான் வைத்திருக்க வேண்டிய சரக்கு இது. எங்களுக்கு வந்த புட்டியில், பெரிய நகரத்து டீலர் ஒருவர் அனுப்பியது, பெயர் வேண்டாம், மூடி விரிசல். மே மாத வெயிலில் லாரியில் வந்ததில் பாதித் தண்ணீர் பொதிக்குள் கசிந்து, கழுத்தில் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்டோர்ஸ் அண்ணன் துணியால் துடைக்கப் போனார், நல்லவேளை பிடித்து நிறுத்தினேன், பொருக்கில் ஒரு நுனி காற்றுப் பட்டுச் சிவந்து பொறி தெறித்தது. அப்படியே வாளித் தண்ணீரில் இறக்கினோம். மாற்றுப் புட்டி கேட்டதற்கு "டிரான்ஸிட் டேமேஜுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில், கிரெடிட் நோட் வர நாலு மாதம். சரக்குக்கு ஐந்துக்கு மூன்று தரலாம், அனுப்பியவருக்கு ஒன்றுகூட அதிகம்.

இப்போது ரோடியத்துக்கு வருகிறேன். மெத்தனால், அமிலமே இல்லை. 10.9 கிராம் சரக்குக்கு ஒரு கிராம் தூள், அதாவது ஐம்பது மில்லிகிராம் உலோகம், 50 டிகிரி, 60 பிஎஸ்ஐ. மாலை ஐந்து மணிக்குப் போட்டேன். முதல் அரைமணி ஊசி அசையவே இல்லை, போச்சு பணம் என்று நினைத்தேன், அப்புறம் மெதுவாக 58, 55. இரவு பத்து மணிக்கு 44. வாட்ச்மேன் வந்து கதவைப் பூட்டணும் என்று நின்றார், சூட்டைக் குறைத்து ஷேக்கரை மட்டும் ஓடவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஊசி 36-இல். சூடேற்றி இன்னும் இரண்டு மணி நேரம் ஆட்டினேன், 36. மூன்று மோல் குடித்தது, போதும் என்று வாயை மூடிக்கொண்டது. மாஸில் 116 தனியாக நின்றது, 100 இருந்த இடத்தில் புல்கூட இல்லை. வேலை அதோடு முடிந்தது என்பதுதான் பெரிய விஷயம்: வடிகட்டு, மெத்தனாலை ஆவியாக்கு, எண்ணெய் கையில். உப்பு இல்லை, குலுக்கல் இல்லை. டைகுளோரோமீத்தேன் மிச்சம், இரண்டு நாள் உழைப்பு மிச்சம், அந்த மிச்சத்தையெல்லாம் எழுதிப் பார்த்தால் புட்டி விலை அவ்வளவு பயமுறுத்தவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அமிலம் இல்லாமல் ஓட்டுவதால் உருவான அமீன் உலோகத்தைக் கொஞ்சம் கட்டிப்போடத்தான் செய்கிறது, அதனால் தூள் தாராளமாகப் போட வேண்டியிருக்கிறது, கஞ்சத்தனம் பண்ணினால் பாதியில் நிற்கும். மூலக்கூறில் வேறு பென்சீன் வளையம் இருந்தால் ரோடியத்துக்கு அதன் மேலும் ஆசை உண்டு, அவசரமாகச் சூடேற்றினால் அதையும் நிறைத்துவிடும், கேஜை விட்டு எழுந்து போகக் கூடாது. வேறு வேறு லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) வந்த தூள் ஒரே மாதிரி ஓடுவதும் இல்லை. இரண்டாவதாக வாங்கிய புட்டி அதே கம்பெனி, அதே எண், முதலாவதை விட ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தது. லாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பகுப்பாய்வுச் சான்றும் கேளுங்கள், அனுப்பச் சொன்னால் அனுப்புகிறார்கள், சொல்லாவிட்டால் அனுப்புவதில்லை.

பற்றிக்கொள்ளும் விஷயத்தைச் சொல்கிறேன் என்றேனே. கார்பன் மேல் இருக்கும் எந்த உலோகமும், ஹைட்ரஜன் குடித்துவிட்டு மெத்தனால் ஈரத்தோடு வடிதாளில் காய்ந்தால், தீக்குச்சி தேவையில்லை. எங்கள் தம்பி ஒருவன் வடிகட்டி முடித்து, வடிதாள் மேல் படிந்த செலைட் (வடிகட்ட உதவும் தூள்) திட்டை உறிஞ்சிக் காயவிட்டு, டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது ஃபியூம் ஹூட்டுக்குள் நீலமாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, மெத்தனால் தீ பகலில் சரியாகத் தெரியாது, வடிதாளின் ஓரம் சுருண்டதால்தான் கவனித்தான். ஈரமணல் வாளி பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து திட்டு காயக் கூடாது, காயும் முன்பே தண்ணீர் ஊற்று, டீ அப்புறம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஷேக்கரும் சிலிண்டரும் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவர்களுக்கு இரிடியம் புட்டி இருக்கிறது, ஐந்து மெத்தில் கட்டிய சைக்ளோபென்டாடையீன் தலைமேல் தொப்பியாக உட்கார்ந்திருக்கும் குளோரைடு, ஆரஞ்சு நிறப் படிகம், காற்றில் கெடாது. இது வேறு வகை வேலை. பிரிடினை நிறைப்பது இல்லை, இரண்டு ஓஎச் உள்ள ஒரு டையாலையும் ஒரு அமீனையும் சேர்த்து வளையமாகவே மூடுவது. ஜப்பானில் ஃபுஜிடா, யமகுச்சி குழு 2004-இல் காட்டியது: பென்சைலமீன், 1,5-பென்டேன்டையால், கொஞ்சம் சோடியம் பைகார்பனேட், டொலுவின், 110 டிகிரி, பதினேழு மணி நேரம், பென்சைல்பைப்பெரிடின் வந்துவிடும். 1,4-டையால் போட்டால் ஐந்து கண்ணி, 1,6 போட்டால் ஏழு கண்ணி. வெளியே வரும் குப்பை வெறும் தண்ணீர்.

நடப்பது என்ன என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் கைமாற்று என்று சொல்லித்தான் விளக்குவேன், பர்மாவரைக்கும் போய் லேவாதேவி பண்ணிய ஊரில் இது சட்டென்று புரிகிறது. உலோகம் ஆல்கஹாலிடமிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கைமாற்றாக வாங்குகிறது. கொடுத்த ஆல்கஹால் ஆல்டிஹைடாகி நிற்கிறது, அதன் மேல் அமீன் வந்து ஒட்டித் தண்ணீரைக் கழற்றுகிறது, இமீன் ஆகிறது, உடனே உலோகம் வாங்கிய ஹைட்ரஜனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அமீன் ஆச்சு. மறுமுனையிலும் அதே கதை, வளையம் மூடிவிடும். வட்டி இல்லாத கைமாற்று. இதையே பழைய முறையில் டைபுரோமோபென்டேன் வைத்துச் செய்த அனுபவம் உண்டு, ஒரு மூலக்கூறின் இரு முனையும் இரண்டு வெவ்வேறு அமீனைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாக நீளும், மூடிய வளையத்தை இன்னொன்று வந்து கடித்து உப்பாக்கும், கடைசியில் கிலோக்கணக்கில் புரோமைடு உப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று திண்டாட வேண்டும். தொழிற்சாலையில் பைரோலிடினை இதே போக்கில்தான் செய்கிறார்கள், 1,4-பியூட்டேன்டையாலும் அம்மோனியாவும், கோபால்ட்டும் நிக்கலும் ஆக்சைடாக அலுமினா மேல், 165 முதல் 200 டிகிரி, பயங்கர அழுத்தம். வட்டிக்கடை பெரிது, முறை ஒன்று.

இரிடியத்தில் என் குறை ஒன்றுதான், கரைத்துப் போடுவதால் வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை, சரக்கைச் சுத்தம் பண்ணும் சிலிக்கா நிரப்பிய குழாயில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகிறது. கார்பன் மேல் இருப்பதை வடிகட்டியாவது வைத்துக்கொள்ளலாம்.

ஆக, மதிப்பெண். எங்களைப் போல 60 பிஎஸ்ஐ ஷேக்கரும், கழன்றுவிழக்கூடிய ஓஎச்சும் வைத்திருப்பவர்களுக்கு ரோடியத்துக்கு ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் விலைக்கும் லாட் ஏற்ற இறக்கத்துக்கும். ஓஎச் இல்லாத வெறும் பிரிடின் என்றால் ஆடம்ஸ் போதும், ரோடியம் வாங்குவது வெட்டிச் செலவு. முதல் தடவையே 5 கிராம் வாங்காதீர்கள், 1 கிராம் புட்டி கிடைக்கிறது, உங்கள் மூலக்கூறில் ஒரு சின்ன ரியாக்ஷன் போட்டுக் கேஜ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பயன்படுத்திய தூளைத் தண்ணீரில் கழுவி, ஈரமாகவே ஒரு புட்டியில் சேர்த்து வைக்கிறோம், உலோகம் மீட்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரு கிராம் எடுத்து இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தேன். நாற்பது மணி நேரம் ஆட்டினேன், ஊசி 47-இல் நின்றுவிட்டது. தம்பி மூன்றாம் முறையும் போட்டுப் பார்க்கலாமா அண்ணே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான், சிலிண்டரில் கேஸ் குறைவாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.